கிளையைக் கழித்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது என்றாலே சாலையோர மரங்களை மொட்டையடிப்பதுதான் பராமரிப்பு என்று ஆகிவிட்டது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டிவிட்டு, அடிமரம் வரை சிமென்ட் பூசி, அப்புறம் கிளையை மட்டும் கழித்தால் மரம் எப்படி நிற்கும்? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது.

மகாராஷ்டிர நகரங்களில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மரக் கணக்கெடுப்பு நடக்க வேண்டும் என்று 1975-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது (ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு கதை). நமக்கும் அது வேண்டும், ஆனால் வெறும் எண்ணிக்கை போதாது. என்ன மரம், சுற்றளவு எவ்வளவு, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, தட்டினால் உள்ளே பொந்து இருப்பது போலச் சத்தம் வருகிறதா, போன மழைக்குப் பிறகு புதிதாகச் சாய்ந்திருக்கிறதா, இதெல்லாம் மரத்துக்கு மரம் எண் போட்டுப் பதிவாக வேண்டும், அதுவும் ஆணி அடிக்காமல். அந்தப் பட்டியலை வார்டு அலுவலகத்தில் ஒட்டினால் போதும், வெட்ட ஆள் வரும்போது காரணத்தை நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை