ஆறாம் வகுப்பு முடித்தால் சி2 ஆகிவிடுமா?

புலம்பெயர் நாடுகளில் தமிழ்த்திறனுக்கு ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (உச்சம்) வரை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு நிலை வகுக்க முனையும் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

ஒன்றாம் வகுப்பு ஏ1, இரண்டாம் வகுப்பு ஏ2 என்று வகுப்புக்கொரு நிலையை ஒட்டிவிடாதீர்கள். ஆறும் ஒரே உயரப் படிகள் அல்ல. மேலே போகப் போக அதிகக் காலம் பிடிக்கும். ஜெர்மனில் பி1 எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை ஆகும் என்கிறது ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிறுவனம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 36 வாரம் நடக்கும் பள்ளியில் கிடைப்பது 96 பாடவேளை. அந்தக் கணக்குப்படி பி1 எட்டவே நாலு முதல் ஏழு ஆண்டு.

இந்த ஆறு நிலைகளையும் வகுத்து ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட சட்டகம் எந்த மொழிக்கும் சொற்பட்டியலோ இலக்கணமோ தருவதில்லை. மெதுவாக, இடைவெளி விட்டுப் பேசினால் புரிந்துகொள்வார் என்கிற மாதிரி, கற்பவரால் என்ன செய்ய முடியும் என்பதை மட்டும் சொல்லும். எந்தச் சொல், எந்த வடிவம் என்பதை அந்தந்த மொழிக்காரர்தான் நிரப்ப வேண்டும். நமக்கு அங்கேதான் இடறும். பேசுவது ஒன்று, எழுதுவது வேறு.

'நீங்கள் எங்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள்?' என்று செய்தி வாசிக்கும் குரலில் பதிவு செய்து ஏ1 கேட்டல் தேர்வு வைக்கிறோம் என்று வையுங்கள். 'எங்க போய்ட்டு இருக்கீங்க?' என்றால் சட்டென்று பதில் சொல்லும் பிள்ளை இதில் திருதிருவென்று விழிக்கும். இது காதுவழி நடத்தும் வாசிப்புத் தேர்வு. ஏ1, ஏ2 ஒலிப்பதிவு முழுக்கப் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். செய்தியும் மேடைப்பேச்சும் எழுத்துத் தமிழில்தான் காதில் விழுகின்றன. அவற்றை பி1இலிருந்து சேருங்கள். 'என்ன பண்றீங்க?', 'என்ன செய்யிறியள்?' இரண்டும் ஒலிப்பதிவில் வரட்டும். பேச்சுத் தேர்வில் 'கதைக்கிறது' என்றாலோ 'பஸ்' என்றாலோ மதிப்பெண் வெட்ட வேண்டாம். (தேர்வாளரும் பஸ்ஸில்தான் வந்திருப்பார்.)

பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த வெளிநாட்டவர் கதை நேர்மாறு. நாளிதழ் படிப்பார், காய்கறிக் கடையில் திணறுவார். பிள்ளைக்கும் இவருக்கும் அவரவர் திறன்களைச் சராசரி போட்டு 'ஏ2' என்று கொடுத்தால் இரண்டுமே பொய். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து நான்குக்கும் தனித்தனி நிலை போடுங்கள். சட்டகம் அதற்கு இடம் தருகிறது.

எழுத்தறிமுகத்தையும் மறக்க வேண்டாம். ஆங்கிலம் தெரிந்தவர் பிரெஞ்சு படிக்கும்போது எழுத்து ஏறக்குறைய இலவசம். நம்மிடம் கு, து, பு மூன்றிலும் உகரம் மூன்று விதமாக வரும். கல், மகன், தங்கம் மூன்றிலும் ககரம் மூன்று ஒலி. சட்டகத்துக்கு 2020இல் வந்த துணைத் தொகுதியில் ஏ1க்கும் கீழே ஒரு நிலை இருக்கிறது; எழுத்துப் பழகும் காலத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

தேர்ச்சி மதிப்பெண்ணைப் பழக்கத்துக்கு ஐம்பது என்று வைக்காதீர்கள். சட்டக வரிகளைச் சீட்டுகளாக வெட்டி, நிலைப்பெயரை நீக்கி, குலுக்கி, ஆசிரியர்களிடம் பிரிக்கச் சொல்லுங்கள். பி1 சீட்டை ஏ1இல் வைப்பவர் இன்னும் திருத்த உட்காரக் கூடாது. பிறகு ஒவ்வொரு வினாவுக்கும், அந்த நிலையை அப்போதுதான் தொட்ட பத்துப் பேரில் எத்தனை பேர் சரியாக எழுதுவார்கள் என்று தனித்தனியே குறிக்கட்டும். ஆறு பேர் என்றால் 0.6. எல்லா வினாவுக்கும் கூட்டினால் அந்த ஆசிரியரின் வெட்டுக்கோடு, அதாவது தேர்ச்சிக்கு வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண். அனைவரின் சராசரி தேர்வின் வெட்டுக்கோடு. ஒருமுறை விவாதித்து மறுபடி குறித்தால் பெரிய இடைவெளிகள் சுருங்கும். எட்டுப் பத்துப் பேராவது வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து செய்தால் அது அவ்விருவரின் அபிப்பிராயம்.

மேலே சொன்ன பிள்ளையின் சான்றிதழ் இப்படி இருக்கலாம்: கேட்டல் ஏ2, பேச்சு ஏ2, வாசிப்பு ஏ1, எழுத்து ஏ1க்குக் கீழ். நான்கு வரி, ஒரே தாள்.

இப்படிக்கு,
மொழித் தேர்வுப் பணியிலுள்ள ஆசிரியர்கள் சிலர்