பிளாஸ்டிக் பைகளைக் கழுவி மறுபடி பயன்படுத்துவோம்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். வீட்டில் சேரும் பிளாஸ்டிக் பைகளை ஒருமுறை பயன்படுத்தியதும் தூக்கிப் போடாமல், கழுவி எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுசுழற்சிக்குப் போட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் மெல்லிய பைகள் தரம் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொண்டு வேலையையே நிறுத்திவிடுகின்றன. வீட்டிலேயே அவற்றின் ஆயுளைக் கூட்டுவதுதான் நல்லது.

கழுவுவது பெரிய வேலை இல்லை. பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மெதுவாகத் தேய்த்தால் போதும். கொதிநீர் வேண்டாம், பை சுருங்கிவிடும். மூலைகளிலும் ஜிப் பள்ளத்திலும்தான் அழுக்கு ஒளிந்திருக்கும்; அங்கே விரலால் தேயுங்கள். காயவைப்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து நாறும். ஒரு குவளையில் மரக்கரண்டியை நிறுத்தி, அதன் மேல் பையைக் கவிழ்த்து மாட்டினால் உள்ளே காற்று போய்வரும். நாள்கணக்கில் வெயிலில் விடாதீர்கள், பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும்.

பச்சை இறைச்சி, மீன் வைத்த பைகளைக் கழுவினாலும் உணவுக்கு எடுக்காதீர்கள். இதில் சமரசமே கூடாது. பூஞ்சை பிடித்த உணவு இருந்த பையும் அப்படித்தான். எண்ணெய் வாடை போகாத பை, ஓட்டை விழுந்த பை எல்லாம் குப்பைக் கூடைக்கு உறையாகட்டும்.

அப்புறம், மழை நாளில் பைகளைச் சீக்கிரம் காயவைக்க வழி தெரிந்தவர்கள் படத்தோடு இங்கே போடுங்கள்.