வாசிகசாலைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாக சபையினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தைப்பொங்கல் விழா, சிரமதானம், நவராத்திரிப் பூசை மூன்றும் வழமைபோல் நடந்தன. யூலை 19இல் விபுலானந்த அடிகளாரின் நினைவு நாளன்று கல்லடி உப்போடையிலுள்ள அவரது சமாதியில் மலரஞ்சலி செலுத்தினோம். சாதாரண தர மாணவருக்கான மாலை வகுப்புகள் மாரி வெள்ளத்தால் தடைப்பட்டுப் பின் தொடர்ந்தன. நிர்வாக சபைக் கூட்டங்கள் சில, கூட்ட நடப்பெண் சேராமல் கலைந்தன. இது பதிவில் இருக்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இனி மின்னஞ்சல் சேர்வர், அதாவது எமது கடிதங்களை அனுப்பிப் பெறும் இணையக் கணினி பற்றிய விடயம். "பணம் போனதே தவிர என்ன கண்டோம்" என்று சென்ற கூட்டத்தில் கேட்கப்பட்டது. ஆகவே சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

எமது மின்னஞ்சல், மாத வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்கொட் ஆகிய இலவச மென்பொருள்களால் இயங்குகிறது. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் எம்மவர்களுடன் நூல் உதவி பற்றிய கடிதப் போக்குவரத்து முழுவதும் அதன் வழியேதான். மாரி தொடங்கிய நாட்களில் நாம் அனுப்பிய கடிதங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பாவனையின்றிக் கிடந்த ஒரு கணக்கின் கடவுச்சொல்லை யாரோ கண்டுபிடித்து, எமது பெயரில் இரவெல்லாம் குப்பை அஞ்சல் அனுப்பியிருந்தார்கள். மற்றைய சேர்வர்கள் எம்மைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டன.

என் மனதைச் சுட்டது வேறொன்று. எல்லாம் எழுதப்பட்டே இருந்தது. வாசலுக்கு வரும் ஒவ்வொருவரையும் நேரத்தோடும் முகவரியோடும் மெயில்.லொக் என்ற கோப்பில் சேர்வர் குறித்துவைக்கிறது. கணினி படிக்கும் தம்பி ஒருவரும் நானும் அதைத் திறந்தபோது "ஒதென்டிகேஷன் ஃபெயில்ட்" (கடவுச்சொல் பொருந்தவில்லை) என்ற வரி பக்கம் பக்கமாக நின்றது. அதன் கீழே அதே கணக்கில் வெற்றிகரமான ஒரு நுழைவு. நேரம் 20:40. அது உலகப் பொது நேரம்; ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் எமக்கு அதிகாலை 2:10. ஊர் உறங்கிய நேரம். கிழமைக்கொரு தடவை புதிய கோப்புக்கு மாறி, நான்கு கிழமைக்கு மேற்பட்டவை அழியும்படி எமது சேர்வர் இருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் அந்த வரிகளும் கிடைத்திரா.

ஆகவே, தீங்கு நடக்கும்போது சேர்வரே எம்மைக் கூப்பிடும்படி செய்தோம். முதலில் தவறிய முயற்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு எச்சரிக்கை மின்னஞ்சல் வரவைத்தோம். விடிவதற்குள் பெட்டி நிரம்பிவிட்டது. அத்தனை வந்தால் எவரும் திறந்து பார்க்கமாட்டார்கள். பின்னர் ஃபெயில்-டு-பான் என்ற மென்பொருளை நிறுவினோம். 10 நிமிடத்துக்குள் 5 தடவை தவறினால் முயன்றவரின் இணைய இணைப்புக்குரிய முகவரியை அது தடுக்கும். தடை இயல்பாக 10 நிமிடம். நாம் ஒரு நாளாக்கினோம். தடுக்கப்பட்டவர்களின் பட்டியல் காலையில் ஒரே கடிதமாக வருகிறது. உடனடி எச்சரிக்கை இரண்டுக்கு மட்டுமே: நாட்டுக்கு வெளியிலிருந்து எவரேனும் ஒரு கணக்கினுள் நுழைந்தால், அல்லது அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல் வரிசை திடீரென நீண்டால். தடுக்கப்பட்டவன் வாசலோடு போய்விடுகிறான். உள்ளே வந்துவிட்டவனைத்தான் அந்தக் கணமே அறியவேண்டும்.

இன்னொன்றையும் பட்டுத்தான் அறிந்தோம். சோதனைக்காக அஞ்சல் சேவையை நிறுத்தியபோது எச்சரிக்கையும் அதே சேர்வரின் வரிசையில் சிக்கிக் கிடந்தது. இப்போது அது வேறொரு அஞ்சல் சேவை வழியே எமது சொந்த முகவரிகளுக்கு வருகிறது.

பொருளாளர் கடவுச்சொல்லை மாற்றியபின் அவரது பழைய கைத்தொலைபேசி முந்தியதையே திரும்பத் திரும்பக் கொடுத்ததால், வாசிகசாலையின் இணைப்பு முழுவதும் ஒரு நாள் தடைப்பட்டது. அன்று என்னைக் கடிந்துகொண்டவர்களுக்குச் சொல்கிறேன்: அது பழுதல்ல, காவல் இயங்கியதற்கான சான்று.

வரவுசெலவு விபரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், செலவு வரவைச் சற்று மிஞ்சியது. உறுப்பினரில் பெரும்பாலோர் சந்தா செலுத்தவில்லை. கேட்டுப் போன வீடுகளில் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்ற பதிலோடு திரும்பினேன். சேர்வர் வாடகையை டொலரில் கட்டவேண்டும். மூன்று மாதம் தம்பியும் நானும் கைப்பணத்தில் கட்டினோம்.

தலைவர், போசகர்கள், வகுப்பு நடத்திய ஆசிரியர்கள், புலம்பெயர் உறவுகள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். எச்சரிக்கை இப்போது இரண்டு கைத்தொலைபேசிகளுக்கே வருகிறது. தம்பி பல்கலைக்கழகம் போகிறார். அதன்பின் அதிகாலை இரண்டு மணிக்கு எழும்புவது நான் ஒருவனே. எனக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் இல்லை. கணக்கொன்றை முடக்குவதற்கான கட்டளைகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு மாலைப்பொழுதில் எவருக்கும் பழக்கிவிடலாம். குறைந்தது மூன்று பேராவது வேண்டும். பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் என் மேசையில்தான் இருக்கிறது.

நன்றி.

செயலாளர்
மட்டக்களப்பு