காவிரிக் கரை வண்டல் மண் எடுக்க அனுமதி கோரி நான்காவது மனு

அனுப்புநர்
ஐம்பொன் சிலை வார்ப்புத் தொழிலாளர்கள்,
சுவாமிமலை, கும்பகோணம் வட்டம்.

பெறுநர்
உயர்திரு அதிகாரி அவர்கள்.

பொருள்: சிலை அச்சின் முதல் பூச்சுக்குத் தேவையான ஆற்று வண்டல் மண் – அனுமதி வேண்டுதல் தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் அளித்த மூன்று மனுக்களும் அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சுவாமிமலைப் படித்துறையும் பட்டறைத் தெருக்களும் தாங்கள் அறியாத இடமல்ல. கும்பகோணத்துக்கு வருகிறவர்கள் வெற்றிலை, பித்தளைப் பாத்திரம், டிகிரி காபி என்று எதில் தொடங்கினாலும் கடைசியில் சிலைப் பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற தொழில் இது. தாராசுரம் கோயில் எழும்பிய காலத்தில் குடியேறியவர்கள் என்று ஊரில் சொல்லும் பழங்கதையை இங்கே நீட்டவில்லை. மண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

1. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் கலந்த மெழுகில் சிலை செய்து, அதன்மேல் முதலில் பூசும் மண்தான் சிலைக்குத் தோல். நகக்கண், பூணூல் இழை எல்லாம் அந்த மண்ணில்தான் பதிகின்றன. வண்டலைக் கரைத்து வடிகட்டி, அரைத்த உமிக்கரி சேர்த்து மெல்லிசாகப் பூசி நிழலில் காயவைக்கிறோம். வெயில் பட்டால் உள்ளே மெழுகு இளகிவிடும். அடுத்த பூச்சுக்கு வயல் களிமண், அதற்கு மேல் மணல் கலந்த மண். இவை இரண்டும் எங்கும் கிடைக்கும். முதல் பூச்சு மண் கிடைக்காது.

2. "குளத்து மண் போதாதா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். போதாது ஐயா. பசை மிகுந்த மண் காயும்போது வெடிக்கும். மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு ஊற்றும் உலோகம் அந்த வெடிப்பில் இறங்கி, சிலையின் முகத்தில் நரம்பு போல எழும்பி நிற்கும். மணல் கலந்தால் மேனி சொரசொரக்கும். ஆவி வெளியேற வழி விடாத மண் என்றால் குமிழ் விழும். ஒரு கிலோ மெழுகுக்கு எட்டு முதல் பத்து கிலோ வரை உலோகம் ஊற்றுகிறோம். நான்கு கிலோ மெழுகில் செய்த உற்சவருக்கு மூக்கில் ஒரு குமிழ் விழுந்தால் மொத்தமும் வீண். உலோகத்தை மறுபடி உருக்கலாம். மெழுகு? அது அச்சைச் சுடும்போதே உருகி ஓடிவிட்டது. அச்சையும் உடைத்தாயிற்று. அளவுக்கான தென்னங்கீற்றை (ஒடியோலை) மடித்து, சிலை உறுப்புகளின் அளவு விகிதமான தாளக் கணக்கு எடுப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அந்த வாரங்களின் கூலியை யார் தருவது?

3. இது மணல் அல்ல. வெள்ளம் வடிந்த பின் கரையோரம் படியும் மேல் படலம்; மண்வெட்டியால் சுரண்டி எடுப்பது. கீழே தோண்டினால் வருவதுதான் மணல்; அது எங்களுக்கு எதற்கு? ஜேசிபி வேண்டாம், லாரி வேண்டாம். எல்லாப் பட்டறைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு மூன்று டிராக்டர் டிப்பர். மூன்றே மூன்று.

4. ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்க 2024-ல் அரசு வழி செய்தது. நல்ல காரியம். ஆனால் பானை செய்பவருக்குப் பெயர் இருக்கிற பட்டியலில் சிலை செய்பவருக்குப் பெயர் இல்லை. எங்களுக்கு வேண்டிய மண்ணும் குளத்தில் இல்லை, ஆற்றங்கரையில் இருக்கிறது. இதைத்தான் மூன்று மனுவிலும் எழுதினோம். படித்தீர்களா என்றே தெரியவில்லை.

5. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். கரை காய்ந்திருக்கும் இந்த இடைவெளியில்தான் மண் எடுக்க முடியும். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலோடு ஜூன் வந்தால் ஓராண்டு போயிற்று. 2028-ல் மகாமகம். அதற்குள் கோயில்களுக்குச் சேரவேண்டிய விக்கிரகங்களை எந்த மண்ணில் வார்ப்பது?

6. 2023-ல் டெல்லி பாரத் மண்டபத்துக்கு 27 அடி உயரத்தில், சுமார் 18 டன் எடையில் நடராஜர் போனார். எல்லாரும் பெருமைப்பட்டார்கள். அவரும் இந்த ஊர் மண் அச்சில் பிறந்தவர்தான்.

ஐயா, கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். மூன்று டிப்பர் வண்டலுக்கு, மே மாத முடிவுக்குள், எழுத்து மூலம் அனுமதி தருமாறு மீண்டும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். எடுக்கும் இடத்தைத் தாங்களே குறித்துக் கொடுங்கள். அளந்து பார்க்க ஆள் அனுப்புங்கள். மறுப்பதானால் அதையாவது எழுத்தில் தாருங்கள். நேரில் பார்க்க வருவதென்றால் தேதி சொல்லுங்கள், படித்துறையில் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வார்ப்புத் தொழிலாளர்கள்.

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல், வண்டல் மண் மாதிரி ஒரு பொட்டலம்.