ஆண்டறிக்கை: வளாகச் சிற்பமும் மற்ற பணிகளும்

தலைவர் அவர்களே, சிஸ்டர்களே, முன்னாள் மாணவியரே, வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு எதற்காகக் கூடினாலும் பேச்சு கடைசியில் சிற்பத்தில்தான் போய் நின்றது. அதனால் மற்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்வி உதவித்தொகை வழக்கம்போல் வழங்கினோம். நூலகத்துக்குப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தோம். மே மாதக் கூடுகைக்கு ஊட்டி சீசன் நெரிசலில் பாதிப் பேர் மலையேறி வரவே முடியவில்லை. இனி மே வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறோம்.

சரி, சிற்பத்துக்கு வருவோம். எஃப்.எம்.எம். (மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர்) என்ற கத்தோலிக்கத் துறவற சபை சிஸ்டர்களின் சேவையை நினைவுகூர வளாகத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதை வடிப்பது என்பதில்தான் இழுபறி. முதலில் பலரும் கேட்டது சபையை நிறுவிய அன்னையின் சிலையை. அதில் நியாயம் உண்டு. பிரான்சின் நான்த் நகரில் 1839-ல் பிறந்த எலன் தெ ஷப்போத்தேன், அதாவது பாடுகளின் மரியா, 1865-ல் மதுரைக்கு மறைப்பணிக்கு வந்தவர். அவர் அப்போது இருந்த சபையில் பிளவு ஏற்பட்டு, 1876-ல் 20 சிஸ்டர்கள் வெளியேறி நம் ஊட்டியில் ஒன்றுசேர்ந்தார்கள். அவர் ரோமுக்குப் போய், 1877 ஜனவரி 6 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பயஸிடம் புதிய சபைக்கு அனுமதி பெற்றார். பல நாடுகளுக்குப் பரவிய ஒரு சபை நம் ஊர்க் குளிரில் முளைத்தது என்பது ஊட்டிக்காரர்கள் பலருக்கே தெரியாது.

ஆனால் மூத்த உறுப்பினர் ஒருவர் மரியா அசுந்தா பல்லோத்தாவின் கதையைச் சொன்னதும் பேச்சு திசை மாறியது. இத்தாலியில் பிறந்த இந்த சிஸ்டர் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. சீனாவுக்குப் போய்ச் சமையல் வேலை பார்த்து, 1905-ல் டைஃபஸ் காய்ச்சலில் 26 வயதில் இறந்தார். 1954-ல் அருளாளர் ஆனார்; புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி அது. நிறுவனருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது 2002-ல்தான். சமையற்கட்டு சிஸ்டர் அரை நூற்றாண்டு முந்திக்கொண்டார்!

எனவே தனி ஒருவரின் உருவம் வேண்டாம் என்று முடிவானது. மூன்று சிஸ்டர்கள்: ஒருவர் குழந்தைக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார், ஒருவர் காயத்துக்குக் கட்டுப் போடுகிறார், மூன்றாமவர் கையில் கரண்டி. கரண்டி சிற்பத்துக்கு அழகா என்று கேட்டார்கள். விடுதியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இதைக் கேட்கக் கூடாது என்பது என் கருத்து.

சிமெண்டில் செய்தால் செலவு குறையும். ஆனால் இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்து மேலே வெடிப்பு விடும். ஆகவே கருங்கல்தான். மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர் களிமண் மாதிரி செய்து கொடுத்துவிட்டார். பீடத்தில் 1876-ஆ 1877-ஆ என்று ஒரு கூட்டம் முழுக்க வாதம் நடந்து, இரண்டையும் பொறிப்பதாகச் சமாதானம் ஆனோம். நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல் கல்லில் வராது. வருத்தப்படுபவர்கள் மன்னிக்கவும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கல்லை மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற்றும் லாரி வாடகை மட்டும் இன்னும் பேசி முடியவில்லை. மாதிரியின் படங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. கருத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே தொலைந்துவிடும்.

செயலாளர்