பழைய இணைப்புகளைக் கைவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஓர் அறிவியல் ஆய்விதழின் இணையதளத்தை அண்மையில் புதுப்பித்தார்கள். இப்போது செல்பேசியிலும் சிரமமின்றிப் படிக்க முடிகிறது. மாணவர்களில் பலருக்கு செல்பேசிதான் நூலகம் என்பதால் மகிழ்ச்சி. ஆனால் பாடக்குறிப்பில் நான் கொடுத்திருந்த பழைய இணைப்புகள் எல்லாம் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்கின்றன. கட்டுரைகள் அங்கேதான் இருக்கின்றன, முகவரிதான் மாறிவிட்டது. ஒரு வகுப்பே தடைபட்டது, மனம் வலித்தது.

இது தவிர்க்கக்கூடியதுதான். ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் டி.ஓ.ஐ. (DOI) என்ற நிலையான அடையாள எண் 2000 முதல் புழக்கத்தில் உள்ளது. தளம் மாறும்போது பதிப்பாளர் புதிய முகவரியைப் பதிவேட்டில் திருத்தினால் போதும், அதே எண் வாசகரைச் சரியான பக்கத்துக்குக் கொண்டு சேர்க்கும். எண் இல்லாத பழைய கட்டுரைகளுக்கு, பழைய முகவரியைத் தட்டினாலே புதிய பக்கம் திறக்கும்படி சர்வரில் ஏற்பாடு செய்யலாம். 1991இல் தொடங்கிய, ஆய்வுக் கட்டுரைகளுக்கான ஆர்க்கைவ் (arXiv) இணையக் களஞ்சியத்தில் அந்த ஆண்டுக் கட்டுரைகளை அதே எண்ணில் இன்றும் திறக்க முடிகிறதே!

அப்புறம், பழைய இதழ்களை வெறும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றினால் தேடலில் ஒரு சொல்லும் அகப்படாது; தேடக்கூடிய எழுத்துகளாக மாற்றி ஏற்ற வேண்டும். முகப்பின் வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த இரண்டையும் செய்து முடிக்கும்படி ஆய்விதழ் நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

– இயற்பியல் ஆசிரியர், திருச்சி