அல்வா வந்து சேர்ந்தது

கும்பகோணம்,
ஐப்பசி 12

அன்புள்ள பாலு,

நீ அனுப்பிய அல்வா செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு மீதியைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் படுத்தேன். சாயங்காலம் எழுந்து பார்த்தால், பெட்டியின் மூலையிலிருந்து ஜன்னல் வரைக்கும் நூல் பிடித்தாற்போல் எறும்பு வரிசை. நெய் வழிந்த பக்கத்தில் மட்டும் ஒரு கைக்குட்டை அளவுக்கு மொய்த்திருந்தது. "டாக்டர் சொல்லிக் கேட்கவில்லை, எறும்பு சொல்லியாவது கேளுங்கள்" என்று கமலா பெட்டியோடு தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டாள். அந்தக் காலத்தில் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை வைத்துத்தான் நீரிழிவைக் கண்டுகொண்டார்களாம். எனக்கு முன்பே எறும்புக்கு என் நோய் தெரியும் என்று வைத்துக்கொள்.

புது வீட்டில் எறும்புத் தொல்லை தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். மூன்று வருஷமாக நான் படும் பாட்டைச் சொல்கிறேன், உனக்கு உதவும்.

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்பார்கள். எங்கள் வீட்டில் திட்டை என்றால் சமையலறை மேடைதான். கொல்லையில் தண்ணீர் தேங்கியதும், மண்ணுக்குள் இருந்தவை எல்லாம் சுவர் விரிசல் வழியே குடும்பத்தோடு உள்ளே வந்துவிடுகின்றன. அவை வெள்ளையாகத் தூக்கி வருவது பெரும்பாலும் முட்டையே இல்லை, புழுவும் கூட்டுப்புழுவும்தான். முட்டை அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது.

அம்மா காலத்தில் இரண்டே வகைதான் எங்களுக்குத் தெரியும். ஓடிக்கொண்டே இருக்கும், கடிக்காத பிள்ளையார் எறும்பு, அதைக் கொல்லக்கூடாது. மற்றது கடிக்கிற எறும்பு. அதற்குக் கமாக்சின் பவுடர். வாசலில் அரிசிமாவுக் கோலம் போட்டு ஒன்றுக்குச் சாப்பாடு, அடுப்படியில் பவுடர் கோடு போட்டு இன்னொன்றுக்குச் சாவு. அந்தப் பவுடர் கையோடுதான் அம்மா தோசைக்கு மாவு கரைத்திருப்பாள். அதில் இருந்த லிண்டேன் என்ற நஞ்சை 2009-இல் உலக நாடுகள், நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்து ஒதுக்கின. நாம் தப்பிப் பிழைத்திருப்பதே பெரிது.

இப்போது வருவது மூன்றாவது வகை. தலை மட்டும் கறுப்பு. வயிறும் காலும் வெளிறிப்போய், வெள்ளைத் தரையில் ஊர்ந்தால் ஒரு புள்ளி தானாக நகர்வதுபோல இருக்கும். இதற்கு நான் முதலில் ஸ்பிரே வாங்கி அடித்தேன். வரிசை ஐந்து நிமிஷத்தில் காலி. பெருமையாகக் கமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வாரத்தில் சுவிட்ச் பெட்டியிலிருந்து ஒரு வரிசை, கதவு நிலையிலிருந்து ஒன்று, பூஜை அலமாரியிலிருந்து ஒன்று. இந்த இனத்தில் ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். மருந்து பட்டுக் கலவரம் ஆனதும் ராணி ஒன்றும் பரிவாரம் கொஞ்சமுமாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் தனிக்குடித்தனம் போய்விடுகின்றன. காசு கொடுத்துப் பாகப்பிரிவினை செய்துவைத்தவன் நான்.

பிறகு கேரம் போர்டுக்குப் போடுவோமே, அந்தப் போரிக் பவுடர்தான் கைகொடுத்தது. அதிலும் முதல் தடவை ஆத்திரத்தில் இரண்டு கை அள்ளிப் போட்டேன். வந்தவை கிண்ணத்தருகிலேயே செத்தன. கூட்டுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அரை லிட்டர் வெந்நீருக்கு ஒரு தேக்கரண்டி பவுடர், அரை டம்ளர் சர்க்கரை, அவ்வளவு போதும். பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து, வரிசை போகும் வழியிலேயே வைத்துவிடு. வேலைக்கார எறும்பு வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போய்க் கூட்டில் இருப்பவற்றுக்கு வாயோடு வாய் ஊட்டும். ராணிக்கும் அப்படித்தான் போகும். மெதுவாகக் கொல்வதுதான் அதன் சூட்சுமம். முதல் இரண்டு நாள் கூட்டம் பத்து மடங்காகும், வீட்டில் உன்னைத் திட்டுவார்கள், பொறுத்துக்கொள். அந்த வழியை மட்டும் துடைத்துவிடாதே. வேறு இடங்களில் சோப்புத் தண்ணீரால் துடை, அவை போட்ட வாசனைக் கோடு அழிந்துவிடும். எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. பேத்தி வரும்போது மூடிகளை எடுத்து உயரத்தில் வைத்துவிடு, மறக்காதே.

மோட்டார் ஸ்டார்ட்டரையும் ஒருமுறை திறந்து பார். போன மாதம் எங்கள் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து, பாயிண்ட்டில் நசுங்கிக் கருகிக் கிடந்த எறும்பைச் சுரண்டி உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். கடுகு தாளித்ததுபோல் இருந்தது. உள்ளே இரண்டு அந்துருண்டை போட்டுவிட்டு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

இதெல்லாம் ஒரு தொல்லையா என்றும் தோன்றுகிறது. 2022-இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்து ஊர்களில் மஞ்சள் எறும்பு பெருகி, ஆடுமாடுகளின் கண்ணிலேயே அமிலத்தைப் பீய்ச்சியதைப் படித்தாய் அல்லவா? அந்த ஜனங்களிடம் போய் அல்வாக் கதையைச் சொன்னால் அடிப்பார்கள்.

பழைய வழி ஒன்றையும் விடவில்லை. தீபாவளி முறுக்கு டின்னை ஸ்டூலில் வைத்து, நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். எறும்பு வரவில்லை. கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வரும் பெண்கள்தான் வந்தார்கள். டார்ச் அடித்து, நான்கு கிண்ணத்திலும் நெளிந்ததைக் கமலாவிடமே காட்டி, "பெரியவர் படித்தவராக இருக்கிறாரே" என்றார்கள். இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை கிண்ணம் கழுவுவது என் வேலை.

முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறுகிறாயா? கண் ஆபரேஷனை மார்கழிக்குத் தள்ளாதே, சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்குள் ஒருமுறை வா. இனி அல்வாவைப் பார்சலில் அனுப்ப வேண்டாம், கையோடு கொண்டுவா. செந்தூர் எக்ஸ்பிரஸ் இங்கே வரும் நேரத்துக்குக் கமலா எழுந்திருக்க மாட்டாள்.

அன்புடன்,
ராமு